தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு: அலுவலகத் தட்டச்சருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்ற வேகத்தை எட்டி, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வையும் எழுதித் தட்டச்சராகப் பணியில் சேரும் ஒருவர், தாம் பயின்ற பொறியை அந்த அலுவலகத்தில் தேடினால், பதிவறையின் மூலையில் உறை போர்த்திய நிலையில்தான் பெரும்பாலும் காண்பார். கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தொடங்கிய தட்டச்சுப் பொறி உற்பத்தியை 2009-இல் நிறுத்திவிட்டது. பயிலகத்திலிருந்து நேராகக் கணினி முன் வந்து அமரும் இளையவருக்கும், பல்லாண்டு பொறியில் அடித்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கம், பள்ளி, அறக்கட்டளை போன்ற சிறிய அலுவலகம் ஒன்றைக் கணினிக்கு மாற்றும் பொறுப்பை ஏற்றிருக்கும் மூத்தவருக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கணினியை இயக்குவது எப்படி என்பதை இங்குச் சொல்லப் போவதில்லை. அதற்கென்று அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் வகுப்புகள் இருக்கின்றன. அவ்வகுப்புகளில் பொதுவாகச் சொல்லித் தராத, பொறியில் பழகிய கைக்கே உரிய சிக்கல்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அச்சிக்கல்கள் அனைத்துக்கும் வேர் ஒன்றே. தட்டச்சுப் பொறி தாளின் மேல் குறி இடும் கருவி. அடித்த குறி கண்ணுக்குச் சரியாகத் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. கணினியோ எந்த எழுத்து, எந்த வரிசையில் அடிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குரிய வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. திரையில் தெரிவது சரியாக இருந்தும் உள்ளே சேமிக்கப்பட்டது தவறாக இருக்க முடியும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் அறிவுரைகள் பலவற்றை வாசகரே ஊகித்துவிடலாம்.

விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் முடிவு செய்ய வேண்டியது விசைப்பலகை அமைப்பு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய, தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்த ஆர். முத்தையா, தமிழின் அத்தனை எழுத்துகளையும் ஆங்கிலப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதற்காக நகரா விசை என்னும் உத்தியைப் பயன்படுத்தினார். எழுத்து விசையை அழுத்தினால் தாளைத் தாங்கும் கேரியேஜ் ஓர் இடம் நகரும். புள்ளி விசையை அழுத்தினால் நகராது. ஆகவே புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் 'க' அடித்தால் 'க்' கிடைக்கும். 'கொ' வேண்டுமென்றால் கண் பார்க்கும் வரிசையிலேயே ஒற்றைக் கொம்பு, 'க', துணைக்கால் என்று மூன்று விசைகள். பொறியில் பயின்றவரின் விரல்கள் இவ்வாறு ஒலிக்கும் வரிசையை விட்டு வரையும் வரிசையில் பழகியிருக்கின்றன.

கணினியில், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) என்னும் குறியேற்றத்தில் சேமிக்கப்படும் வரிசை இதற்கு நேர்மாறானது. அகரமேறிய மெய் முதலில் நிற்கும். புள்ளியும் கொம்பும் காலும் அதைத் தொடர்ந்து வரும். இந்த மாற்றத்தைத் தட்டச்சரே தலையில் சுமக்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு என்ற பெயரிலேயே ஒரு விசைப்பலகை இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பழகிய விசைகளையே அடிக்கலாம், மென்பொருள் அதை ஒருங்குறி வரிசைக்கு மாற்றிச் சேமித்துவிடும்.

மற்றொரு வழி தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டு, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை இது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருக்கும். 'கொ' அடிக்க 'க', பிறகு 'ஒ' என்று இரண்டே விசைகள். இதன் பெரிய வசதி, புள்ளியைப் பல இடங்களில் அதுவே இட்டுக்கொள்வதாகும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெறும். இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அவ்வாறே. 'மன்றம்' என்ற சொல்லுக்குப் பொறியில் ம, புள்ளி, ன, ற, புள்ளி, ம என ஆறு தட்டுகள். தமிழ்99-இல் ம, ன, ற, ம, புள்ளி என ஐந்து. இந்த வசதியே தொல்லையாகும் இடமும் உண்டு. 'மமதை' என்று அடிக்க முயன்றால் 'ம்மதை' என்று வந்து நிற்கும். இரண்டு மகரங்களுக்கும் இடையே 'அ' விசையை ஒருமுறை அழுத்தினால் சரியாகிவிடும். 'பப்பாளி' அடிப்பவரும் முதல் பகரத்தை அடுத்து 'அ' அழுத்த வேண்டும்.

எதைத் தேர்வது என்பதில் என் கருத்து வெளிப்படையானது. முதுநிலை தேறிப் பல ஆண்டுகள் பொறியில் அடித்தவர், விரலில் ஏறிய வேகத்தைக் கைவிட வேண்டிய தேவை எதுவும் இல்லை. அவர் பழைய தட்டச்சு அமைப்பையே வைத்துக்கொள்ளட்டும். பொறியில் ஆங்கிலம் மட்டும் பயின்று தமிழைக் கணினியில்தான் தொடங்கப் போகிறவர் தமிழ்99-ஐக் கற்பதே நல்லது. விண்டோஸ் 10-இல் 2019-ஆம் ஆண்டு வந்த பதிப்பு முதல் அது உடன் வருவதால், எந்த அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியிராது. ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பது கைப்பேசியில் இரண்டு வரி எழுதப் போதுமானது. நாள் முழுதும் தமிழ்க் கடிதம் அடிப்பவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விசைப்பலகை எதுவாயினும் வெளிவருவது ஒருங்குறியாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை ஒருங்குறியைத் தரமாக ஏற்றுள்ளது.

இன்னொரு சிறு குறிப்பு: பொறியில் விசையை ஓங்கி அடித்தால்தான் கார்பன் தாளுக்குக் கீழே உள்ள நான்காம் படியில் எழுத்து பதியும். கணினி விசைக்கு அந்த வலிமை தேவையில்லை. அதே அழுத்தத்துடன் அடித்துக்கொண்டிருப்பவர் மணிக்கட்டு வலியை விலை கொடுத்து வாங்குகிறார்.

கைவிட வேண்டிய பழக்கங்கள்

பழைய ஆங்கிலப் பொறிகள் பலவற்றில் '1' என்ற எண்ணுக்குத் தனி விசையே கிடையாது. சிறிய 'எல்' எழுத்தை அடித்தால் அதுவே ஒன்றாகத் தோன்றும். சுழியத்துக்குப் பெரிய 'ஓ' எழுத்தை அடிப்பவரும் உண்டு. தாளில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) இப்படி அடித்த ரூபாய்த் தொகை கூட்டலில் சேராது. நிலத்தின் புல எண்ணை இப்படி அடித்தால் தேடலில் கிடைக்காது. கூட்டுத்தொகை ஏன் குறைகிறது என்று கணக்கர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார், திரையில் எல்லா எண்ணும் எண்ணாகவே தெரியும்.

தமிழில் இதைவிட நுட்பமான இடங்கள் இருக்கின்றன. துணைக்காலும் 'ர' எழுத்தும் சில எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவதால், கை தவறி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அடித்துவிட்டால் திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். 'கௌரி' என்ற பெயரை ஒற்றைக் கொம்பு, 'க', 'ள' என்று அடிப்பது பொறிக்காரர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பழக்கம். 'கெளரி' என்று பதிவான அப்பெயர், உறுப்பினர் பட்டியலில் 'கௌரி' என்று தேடுபவருக்கு அகப்படாது. 'ஔ' எழுத்தை 'ஒ', 'ள' என்று பிரித்து அடிப்பதும் இத்தகையதே. இத்தகைய பிழைகள் ஏற்கெனவே புகுந்துவிட்ட கோப்பில், தேடி மாற்றும் வசதியைப் பயன்படுத்தி 'ஒளவை' என்பதை 'ஔவை' என்றும், 'கெளரவ' என்பதை 'கௌரவ' என்றும் சொல் சொல்லாகத் திருத்தலாம். 'கெள' என்ற இரண்டெழுத்தை மட்டும் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றச் சொன்னால், 'கெளிறு' போன்று அந்த எழுத்துகளை முறையாகவே கொண்ட சொற்களும் சேர்ந்து கெட்டுவிடும்.

வரி முடிவில் மணி அடிப்பதைக் கேட்டு நெம்புகோலைத் தள்ளிய கை, கணினியிலும் வரிதோறும் என்டர் விசையைத் தேடும். பத்தி முடியும் இடத்தில் மட்டுமே அதை அழுத்த வேண்டும். வரிதோறும் அழுத்தப்பட்ட கடிதத்தில் அதிகாரி ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பிறகு வரும் வரிகள் எல்லாம் பாதியில் முறிந்து நிற்கும். இடைவெளிப் பட்டையின் கதையும் இதுதான். தலைப்பை நடுவில் இட, எழுத்துகளை எண்ணிப் பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை இடம் பின்னோக்கி நகர்ந்து அடிக்கும் கணக்குப் பயிலகத்தில் பெருமையாகக் கற்பிக்கப்பட்டது. பொறியின் எல்லா எழுத்தும் ஒரே அகலம் உடையவை என்பதால் அது பலித்தது. கணினி எழுத்துருவில் 'ண' அகலமானது, 'ர' ஒடுக்கமானது. இடைவெளி தட்டி நேர்ப்படுத்திய பத்தி, வேறொரு கணினியில் எழுத்துரு மாறியவுடன் தாறுமாறாகிவிடும். தலைப்புக்கு நடுவில் அமைக்கும் கட்டளை, கடிதத்தின் 'பொருள்', 'பார்வை' என்பவற்றுக்குத் தாவல் நிறுத்தம் (டேப்), பட்டியலுக்கு அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் உரிய கருவி இருக்கிறது. தட்டச்சுத் தேர்வின் இரண்டாம் தாளில் அறிக்கைப் பட்டியலை அளவெடுத்து அடித்தவருக்கு அட்டவணை அமைப்பது மிக எளிது. நெடுவரிசையின் அகலத்தை மனத்தால் கணிக்கும் பயிற்சி அவரிடம் ஏற்கெனவே உள்ளது.

ஒரு கோப்பில் இந்தப் பழக்கங்கள் எந்த அளவு ஒளிந்திருக்கின்றன என்பதை அறிய, சொற்செயலியில் மறைந்த குறிகளைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இடைவெளியும் ஒரு புள்ளியாகவும், ஒவ்வொரு என்டரும் பத்திக் குறியாகவும் தெரியும். புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடினால் அந்தக் கடிதம் பொறியில் அடிக்கப்பட்டது போலவே கணினியில் அடிக்கப்பட்டிருக்கிறது.

வரைவு, தூய நகல், அலுவலக நகல்

பொறிக் காலத்தில் ஒரு கடிதம் கடந்த படிகளை நினைத்துப் பார்ப்பது இன்றைய ஒழுங்குக்கு உதவும். உதவியாளர் வரைவைக் கையால் எழுதுவார், கண்காணிப்பாளர் திருத்துவார், அதிகாரி ஒப்புதல் அளித்த பிறகே அது தூய நகலுக்காகத் தட்டச்சரிடம் வரும். அடித்த பின் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். கையொப்பத்துக்குப் பின் அனுப்புகைப் பிரிவில் எண் இட்டு வெளியே செல்லும். அடித்து முடித்த பக்கத்தில் ஒரு வாக்கியத்தை மாற்ற வேண்டுமானால் பக்கம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும் என்பதால், சிந்தனை முழுவதும் தட்டச்சுக்கு முன்பே முடிந்துவிட்டது.

கணினியில் திருத்துவதற்குச் செலவில்லை என்று ஆனதும், வரைவு எது, தூய நகல் எது என்ற எல்லை கரைந்துபோனது. ஒரே கடிதம் 'புதியது', 'புதியது 2', 'இறுதி', 'இறுதி திருத்தியது' என்று பெருகி, எதில் அதிகாரி கையொப்பமிட்டார் என்பதே தெரியாமல் போகும் அலுவலகங்கள் ஏராளம். கோப்பின் பெயரிலேயே, கடிதத்துக்கு அலுவலகம் இடும் ந.க. எண்ணையும், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியையும், அது வரைவா ஒப்புதல் பெற்றதா என்பதையும் எழுதிவிடுவது இதற்குத் தீர்வு. ஆண்டை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு: கோப்புகளைப் பெயர் வரிசையில் அடுக்கும்போது அவை தாமே கால வரிசையிலும் நின்றுவிடும். ஒப்புதல் பெற்றதைப் பிடிஎஃப் ஆக மாற்றி வைத்துவிட்டால், பிறகு யாரும் தெரியாமல் ஒரு சொல்லை மாற்றிவிட மாட்டார்கள்.

நகல்களின் நிலையும் மாறிவிட்டது. கார்பன் தாள் வைத்து அடித்த காலத்தில் முதல் படியும் அலுவலக நகலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. வேறுபட வழியே இல்லை. இன்று அச்சிட்டு அனுப்பிய பிறகு ஒரு பிழையைக் கண்டு திரையில் மட்டும் திருத்திச் சேமித்துவிட்டால், வெளியே போன கடிதமும் அலுவலகத்தில் உள்ள கோப்பும் வேறுவேறாகிவிடும். ஆறு மாதம் கழித்து நினைவூட்டு வரும்போது அதன் விளைவு தெரியும். கையொப்பமிட்ட தாளை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து, அதையே அலுவலக நகலாகக் கொள்ள வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய ஆபத்து, பழைய கடிதத்தைத் திறந்து அதன் மேலேயே திருத்திப் புதுக்கடிதம் ஆக்கும் வழக்கம். பொறியில் ஒவ்வொரு கடிதமும் வெற்றுத் தாளில் தொடங்கியது. சென்ற கடிதத்தின் பார்வை எண்ணோ, பெறுநரின் முகவரியோ இதில் வந்து ஒட்டிக்கொள்ள முடியாது. கணினியில் அதுதான் அன்றாடம் நடக்கிறது. கடிதம், சுற்றறிக்கை, செயல்முறை ஆணை, அதிகாரிக்குப் பெயர் குறித்து எழுதும் நேர்முகக் கடிதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாறாத பகுதிகள் மட்டும் உள்ள வார்ப்பு ஒன்றைச் செய்து, எண், நாள், பெறுநர், பொருள், பார்வை ஆகிய இடங்களை வெறுமையாக விட்டு வைத்தால், நிரப்பாத இடம் கண்ணை உறுத்தும். தவறான எண் உறுத்துவதில்லை.

நாற்பது சங்கங்களுக்கு ஒரே கடிதம் போக வேண்டியிருந்தால், முன்பு ஸ்டென்சில்தான் வழி. மை ரிப்பன் தாளைத் தொடாதபடி பொறியின் நெம்பை வெள்ளைப் புள்ளிக்குத் தள்ளி, எழுத்து நேராக மெழுகுத் தாளை வெட்டுமாறு அடித்து, பிழை நேர்ந்த இடத்தில் திருத்துநீரைத் தடவி உலரவிட்டு மேலே அடித்து, உருட்டச்சில் (சைக்ளோஸ்டைல்) ஏற்றிப் படி எடுப்பார்கள். பெயரும் தொகையும் வர வேண்டிய இடத்தில் கோடு இழுத்துப் பிறகு கையால் நிரப்புவார்கள். இன்று அதே வேலையை மெயில் மெர்ஜ் செய்கிறது: பெயர், முகவரி, தொகை ஆகியவை விரிதாளில் தனித்தனி நெடுவரிசைகளாக இருக்கும், கடிதத்தில் அந்த இடங்களுக்குப் புலக் குறிகள் இடப்படும். ஸ்டென்சிலில் கோடு இழுத்த இடமே புலம் என்று எண்ணிக்கொண்டால் இதில் கற்க வேண்டியது மிகக் குறைவு. முழுவதையும் அச்சிடுமுன் முதல் கடிதம், கடைசிக் கடிதம், நடுவில் பெயர் நீளமாக உள்ள ஒரு கடிதம் ஆகியவற்றைத் திரையில் பார்த்துவிட வேண்டும்.

பழைய கணினிக் கோப்புகளை மாற்றுதல்

பொறிக்கும் ஒருங்குறிக்கும் இடையே ஓர் இடைக்காலம் இருந்தது. தொண்ணூறுகளில் தமிழுக்கென்று பல எழுத்துருக்கள் வந்தன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடத்திலும் பெரிதும் வழங்கிய பாமினியில் 'தமிழ்' என்ற சொல், உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகவே சேமிக்கப்பட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பரவலாக இருந்தன. அரசு 1999-இல் டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. ஒருங்குறி 1991-இலிருந்தே தமிழுக்கு இடம் தந்திருந்தாலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பிறகுதான் அது சாதாரண மேசைக் கணினியை எட்டியது. ஆகவே ஒரே அலுவலகத்தின் பத்தாண்டுக் கோப்புகளில் மூன்று நான்கு குறியேற்றங்கள் கலந்து கிடப்பது வியப்பில்லை.

மாற்றத் தொடங்குமுன் மூலக் கோப்புகள் அனைத்தையும் தனி வட்டில் படியெடுத்து, அதைத் தொடாமல் வைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கோப்பும் எந்த எழுத்துருவில் உள்ளது என்று பார்த்து, என்எச்எம் கன்வர்ட்டர், பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் உரிய குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றியில் இடுவது கூடாது. இடையிடையே வரும் ஆங்கிலப் பெயர்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மாற்றும் மென்பொருள் தமிழ்க் குறிகளாகவே எடுத்துக்கொண்டு, பொருளற்ற எழுத்துக் கூட்டமாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் பகுதி பகுதியாக மாற்றுவது மெதுவான வேலைதான். ஆனால் மாற்றிய பின் கெட்டதைத் தேடித் திருத்துவதைவிட அது விரைவாக முடியும். எல்லாக் கோப்புகளையும் மாற்றியே தீர வேண்டும் என்பதும் இல்லை. இனி தேடப்படக்கூடிய உறுப்பினர் பட்டியல், சொத்துப் பதிவேடு, தீர்மானங்கள் ஆகியவற்றை மாற்றிவிட்டு, மற்றவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வைப்பது போதும்.

பொறியில் அடித்த தாள்களைப் பார்த்துத் திரும்ப அடிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்குவதற்கு முன் வழங்கிய ணை, லை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களைப் பழைய தாள்களில் காணலாம். இளைய தட்டச்சர்கள் இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடுவதுண்டு. மூத்தவர் ஒருவர் அருகில் அமர்ந்து படித்துச் சொல்வது நல்லது.

மாற்றியதோ திரும்ப அடித்ததோ, எதுவாயினும் ஒப்பிடும் பழைய வழக்கத்தைக் கைவிடக் கூடாது. பிழைதிருத்தி மென்பொருள் சொல்லைத்தான் பார்க்கும். 5,600 என்பது 6,500 ஆனதையோ, 'ந' என்பது 'த' ஆகித் தந்தையின் முதலெழுத்து மாறியதையோ அது அறியாது. பெயர், முதலெழுத்து, எண், தொகை, நாள் ஆகியவற்றை ஒருவர் மூலத்திலிருந்து உரக்கப் படிக்க, மற்றவர் அச்சிட்ட தாளில் விரல் வைத்துப் பார்த்து வர வேண்டும். திரையில் பார்க்கும் கண் அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகிறது. ஒப்பிட்டவர் இருவரும் தாளின் அடியில் சுருக்கொப்பமிட்டு நாளைக் குறித்துவிடட்டும். வெளியே அனுப்ப வேண்டிய கோப்பாக இருந்தால், அதை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ ஒருமுறை திறந்து, எழுத்துகள் கட்டங்களாக மாறாமல் தெரிகின்றனவா, அட்டவணை பக்கத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.